நீலமேகத்துக்கு ஒரு வசனம்

1

இது நாவலாக வந்திருக்க வேண்டியது. பாதிக்கு மேல் எழுதியும் விட்டேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அப்பாவின் மளிகைக் கடை. மதியம் வியாபாரம் ஓய்ந்ததும் கல்லாவில் உட்கார்ந்து எழுதினேன். மகள் இறந்த பிறகு பேச்சை விட்டுவிட்ட ஒரு தகப்பனைப் பற்றிய நாவல். இப்போது அதை மூடி வைத்துவிட்டேன். நீங்கள் படிப்பது அதில் மிஞ்சியது.

அந்தத் தகப்பனை நான் கற்பனை செய்யவில்லை. அவர் எர்ணாவூரில் இருக்கிறார். அவர் மனைவி சாலையோரம் ட்ரெய்லர் ஓட்டுநர்களுக்கு டிபன் கடை போட்டிருக்கிறார். ரவையும் மைதாவும் எண்ணெயும் வாங்க எங்கள் கடைக்குத்தான் வருவார். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவரை இங்கே தாயம்மா என்கிறேன், நான் கூப்பிடுவது தாயம்மாக்கா. கணவர் நீலமேகம். இறந்துபோன பெண் மதி.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பல நாள் திண்டாடினேன்.

கடல் பேசிக்கொண்டே இருந்தது. அவன் பேசவில்லை.

(அடித்துவிட்டேன். எங்கள் பக்கம் கடல் பேசி யார் கேட்டது? ட்ரெய்லர் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது.)

துக்கம் என்பது ஒரு

(இங்கேயே நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்கும் வாக்கியத்தை முடிக்கத் தெரிந்தவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.)

நீலமேகம் ஒரு வாயாடி.

இதை வைத்துக்கொள்கிறேன். ஒரு மனிதன் பேசாமல் போனான் என்றால், அதற்கு முன்னால் என்ன பேசிக்கொண்டிருந்தான் என்று தெரிய வேண்டும் அல்லவா?

2

நீலமேகம் ஒரு வாயாடி. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகும் ட்ரெய்லர் ஓட்டினார். ஓட்டுகிற நேரத்தைவிட வரிசையில் நிற்கிற நேரம் அதிகம். எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நிற்கும். சில நாள் சமைத்துச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, ஒரு தூக்கமும் போட்டு எழுந்தாலும் முன்னால் இருக்கும் வண்டி நகர்ந்திருக்காது. அந்த நேரமெல்லாம் அவர் பேசினார். முன்வண்டிக்காரனோடு, பின்வண்டிக்காரனோடு, டீ விற்க வருபவனோடு. யாரும் கிடைக்காவிட்டால் போனில் மனைவியோடு.

"இன்னாம்மே பண்ற?"

"இப்பத்தானய்யா வெச்ச?"

"அப்போ வண்டி பாலத்தாண்ட நின்னுச்சு. இப்ப பாலத்துக்கு அந்தாண்ட வந்துட்டேன். சொல்ல வாணாவா?"

தாயம்மாக்கா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மாவு கரைப்பார், வடை தட்டுவார், சில்லறை கொடுப்பார். கேட்கிறாரா இல்லையா என்பது நீலமேகத்துக்கு முக்கியமில்லை. "ம்" மட்டும் வந்துகொண்டிருந்தால் போதும். "நைனா வாய்க்குத் தனியா லைசென்ஸ் எடுக்கணும்" என்று மதி கிண்டல் செய்வாள். இதை அவரே எங்கள் கடைக்கு வந்து, உப்பு மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து, பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

மதி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அந்த வீட்டிலேயே குறைவாகப் பேசுகிறவள் அவள்தான்.

3

(இந்தப் பகுதியை நாவலில் இருபது பக்கம் எழுதியிருந்தேன். ரத்தம், செருப்பு, சிதறிய புத்தகங்கள் எல்லாம் இருந்தன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.)

தோழி ஜூடியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மதி கல்லூரியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். திரும்புகிற ஒரு ட்ரெய்லரின் பின்சக்கரம் இழுத்துக்கொண்டது. ஜூடிக்குக் கால் எலும்பு முறிந்தது. மதி அங்கேயே போய்விட்டாள்.

சாலை அடைத்துக்கொண்டது. அடைத்த வரிசையில், வெகுதூரம் பின்னால், நீலமேகத்தின் வண்டியும் நின்றது.

மதியின் போனில் கடைசியாக அழைத்த எண்ணைப் பார்த்துப் போலீஸ்காரர் ஒருவர் தாயம்மாக்காவைக் கூப்பிட்டார். அக்கா நீலமேகத்தைக் கூப்பிட்டார். அவர் வண்டியை வரிசையிலேயே விட்டுவிட்டு, கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கி ஓடினார். இரண்டு பக்கமும் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. தெரிந்த ஓட்டுநர்கள் சன்னல் வழியாக, "இன்னா மாமு, எங்க ஓட்ற?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள்.

அவர்களில் ஒருவன் அஃப்ரித். நீலமேகத்தின் தோஸ்து. இதை எனக்குச் சொன்னவன் அவன்தான். சொல்லிவிட்டு, நான் கொடுத்த டீயைக் குடிக்காமல் போய்விட்டான்.

4

அடக்கத்துக்கு வியாசர்பாடியிலிருந்து உறவுக்காரர்கள் வந்தார்கள். புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிப் பஞ்சசீலம் சொன்னார்கள். நீலமேகத்தின் உதடு அசையவில்லை. அதிர்ச்சி என்றார்கள். பிறகு, துக்கம், தானாகச் சரியாகிவிடும் என்றார்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். தொண்டையில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார்.

நீலமேகம் ட்ரெய்லரில் மறுபடி ஏறவில்லை. காலி கன்டெய்னர்கள் அடுக்கி வைக்கிற யார்டு ஒன்றில், பகல் வாட்ச்மேன் வேலையை அஃப்ரித் வாங்கிக் கொடுத்தான். "பொறந்ததுல இருந்தே பேச்சு வராது சார், ஆனா நல்ல ஆளு" என்று சூப்பர்வைசரிடம் சொன்னானாம். பக்கத்தில் நின்ற நீலமேகம் அதை மறுக்கவில்லை.

நாவலில் நான் பிடித்துக்கொண்ட இடம் இதுதான். எழுதுகிறவர்களுக்குப் பேசாத மனிதர்கள் மேல் ஓர் ஆசை உண்டு. அவர்கள் எதிர்த்துப் பேச மாட்டார்கள். அவர்களுடைய வாயில் நாம் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், மகத்தான எதையாவது. சாலையோரக் கல்லில் அவரை உட்கார வைத்தேன். எதிரே கடலை விரித்தேன். 'அவனுடைய மௌனம் ஒரு வழிபாடு போல இருந்தது' என்று எழுதிவிட்டு, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி படித்தேன். அவ்வளவு பிடித்திருந்தது.

தாயம்மாக்காவை நாவலில் கிட்டத்தட்ட நான் சேர்க்கவேயில்லை. ஒரு காட்சியில் சோறு போட்டார். இன்னொரு காட்சியில் அழுதார்.

கடையில் பார்த்த தாயம்மாக்கா வேறு. சாமான் கட்டி முடித்து, காசும் கொடுத்த பிறகு போக மாட்டார். கல்லாவைப் பிடித்துக்கொண்டு பேசுவார். கேஸ் சிலிண்டர் வராதது, மாடி வீட்டுக்காரி குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் போனது, ரவை பழையதாக இருந்தது, எல்லாம். அடுத்த ஆள் வந்து நின்றால் ஓரமாக நகர்ந்து, அந்த ஆளோடும் பேசுவார். தெற்கே நாசரேத்திலிருந்து வந்து இத்தனை வருஷமாகியும் ஊர்ப் பேச்சு மாறாத என் அப்பா ஒருநாள் சொன்னார்:

"ஏ மகிமா, அந்தம்மா சாமான் வாங்கவா வருது? பேசதுக்குல்லா வருது."

நான் எழுதுகிறேன் என்பது அக்காவுக்குத் தெரியும். யாரைப் பற்றி என்பதும் தெரியும். தொடங்கும்போதே கேட்டுவிட்டுத்தான் தொடங்கினேன். "எய்திக்கோ, பேர மட்டும் மாத்திடு" என்றார். ஒரு மதியம், "இன்னாதான் எய்தற, படி பாப்போம்" என்று எண்ணெய் டின் மேல் உட்கார்ந்தார். நான் அந்த வழிபாட்டுப் பக்கத்தைப் படித்தேன்.

அக்கா மடியிலிருந்த பையைக் கீழே இறக்கி வைத்தார்.

"வழிபாடா?" என்றார்.

"ஒரு உவமைக்கா."

"நீ ஒருநாள் எங்கூட்டுக்கு வந்து குந்து கண்ணு. சோத்த போட்டுட்டு, உப்பு கீதாய்யான்னு கேட்டுட்டு, பதிலுக்கு நின்னுகினு இருக்கிறவள வந்து பாரு. ஜொரமாய்யான்னு கேட்டா பதில் கெடையாது. வெளிய போறேன்யான்னு சொன்னா பதில் கெடையாது. நான் செத்துப் போறேன்யான்னுகூட ஒருநாள் சொல்லிப் பாத்துட்டேன். அந்தாளு பேசாம கீறாரு, அத்த நீ எய்தற. நான் பேசிக்கினே கீறேனே, அத்த யாரு எய்துவா?"

பக்கத்தை மடித்துக் கல்லாவுக்குக் கீழே வைத்தேன்.

(மௌனத்தைப் பற்றி நான் எழுதிய அத்தனையும் மௌனமாக இருப்பவரின் பக்கத்திலிருந்து எழுதியது. அதே வீட்டில் இன்னொருத்தி இருக்கிறாள். நீலமேகத்தின் துக்கம் பேசாமல் இருக்கிறது. அக்காவின் துக்கம் சுவரோடு பேசுகிறது. தனிமை யாருக்கு அதிகம்? இந்தக் கேள்வியை ஒரு கட்டுரைபோல நீட்டலாம் என்று நினைத்தேன். நீட்டவில்லை. அக்காவை எழுதத் தொடங்கினேன்.)

5

ஐப்பசி மழை. கடைக்கு முன்னால் கணுக்கால் அளவு தண்ணீர். அப்பா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். தாயம்மாக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அன்றைக்கு அவர் எதுவும் பேசாததுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது.

"எங்கூட்டுக்காரு ஏன் பேசலன்னு உனக்குத் தெரியுமா?"

"துக்கம்தானேக்கா."

"துக்கந்தான்." ஈரமான கையைப் புடவையில் துடைத்தார். "அன்னிக்கு அந்த டிராபிக்ல நின்னுகினு இருந்தப்ப எனக்கு போன் போட்டுச்சு. நான் வடைக்கு மாவு அரச்சிகினு இருந்தேன். போலீஸ்காரரு போன் பண்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"ம்."

"ரோடு ஃபுல்லா ஜாம், நவுரவே இல்ல, இன்னிக்கு லோடு எறக்குனாப்லதான்னு பொலம்பிச்சு. இன்னாய்யா ஆச்சுன்னேன். 'எதோ ஒரு சாவுகிராக்கி வண்டில குறுக்க வந்து வுயுந்துகீது, அத்த எடுத்துப் போட்டுட்டு ரோட்ட வுடாம வேடிக்க பாத்துகினு கீறானுங்க'ன்னுச்சு."



எங்கள் பக்கத்துச் சாலையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்த வசவு காதில் விழாமல் இருக்காது. குறுக்கே வந்தவன், ஹாரன் கேட்டும் நகராதவன், மெதுவாகச் சாலையைக் கடக்கிறவன் எல்லாருக்கும் அதுதான் பெயர். யாரும் பொருளை நினைத்துச் சொல்வதில்லை. நீலமேகமும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அன்று அந்தச் சாலையில் கிடந்தது யார் என்று தெரிந்த பிறகு, அந்தச் சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"அதுக்கப்பறம் நான் போன் பண்ணி சொன்னேன்ல, மதிதான்யான்னு. ஒரு சத்தம் போட்டுச்சு. அதான் கடைசி."

"அதைப் பத்தி அவருகிட்டப் பேசியிருக்கீங்களாக்கா?"

"இல்ல."

"எல்லாத்தையும் பேசுறீங்க."

"எல்லாத்தையும் பேசறதே அத்தப் பேசாம இருக்கத்தான் கண்ணு. நான் மறந்துட்டேன்னு நெனச்சிக்கட்டுமேன்னு. நான் மறக்கலன்னு அதுக்குத் தெரியும். தெரியும்னு எனக்கும் தெரியும்."

அப்புறம் அக்கா என்னிடம் ஒன்று கேட்டார். எழுத்தாளர்களிடம் யாரும் கேட்காதது.

"உன் கதையில வர்ற பொண்டாட்டிய பேச வெய்யி. அந்தப் போன பத்தி அவராண்ட பேசட்டும். இன்னா பேசறான்னு நான் கேக்கறேன். நல்லா இருந்தா நானும் அப்டியே பேசிப் பாக்கறேன்."

6

ஒரே ஒரு வசனம். நாவலில் பக்கம் பக்கமாக உரையாடல் எழுதியவளுக்கு அது வரவில்லை.

முதலில் எழுதியது: "உன் மேல தப்பில்லய்யா."

படித்துக் காட்டினேன். "அத்தத்தான் ஊரே சொல்லிச்சே" என்றார் அக்கா. "ஊரு சொல்றதுக்கும் நான் சொல்றதுக்கும் இன்னா வித்தியாசம்?"

அடுத்தது: "நான் உன்ன மன்னிச்சிட்டேன்யா."

"மன்னிக்கிறதுக்கு நான் இன்னா மதியா?"

அடுத்தது: "அன்னிக்கு நீ சொன்னது எனக்குச் சரியாவே கேக்கலய்யா. மாவு அரச்சிகினு இருந்தேன்."

இதைக் கேட்டதும் அக்கா எழுந்தார். பையைக் கையில் எடுத்தார். கீழே வைத்தார்.

"பொய்யி" என்றார். "எனக்கு நல்லாவே கேட்டுச்சு. நான் அப்போ..."

முடிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பல நாள் கடைக்கு வரவில்லை. அஃப்ரித்தை அனுப்பிச் சாமான் வாங்கினார்.

அந்த நாட்களில் நான் பயத்தில் கதைக்கு முடிவுகளாக எழுதிக் குவித்தேன். ஒன்றில் யார்டு வாசலில் ஒரு பெண் லாரிக்குக் குறுக்கே ஓடுகிறாள். நீலமேகம் வாய் திறந்து கத்தி அவளைக் காப்பாற்றுகிறார். (எழுதி முடித்ததும் வெட்கமாக இருந்தது. ஒருத்தி செத்தாள், இன்னொருத்தி பிழைத்தாள், கணக்குச் சரி என்று நான் யாருக்குச் சொல்ல?) இன்னொன்றில் அவர் கடலை நோக்கி நடக்கிறார். (அதை எழுதின தாளைக் கிழித்தேன். அக்கா கண்ணில் பட்டுவிடக் கூடாது.) மூன்றாவதில் தாயம்மா வீட்டைப் பூட்டிவிட்டு வியாசர்பாடியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுகிறாள். அதுதான் நடக்கக்கூடியதாக இருந்தது. அப்படி நடந்திருந்தால் நான் யாரையும் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

7

நடந்தது வேறு.

தை பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா கடைக்கு வந்தார். முகம் வீங்கியிருந்தது. அப்பா ஒன்றும் கேட்காமல் எழுந்து குடோன் பக்கம் போனார்.

"பேசிட்டேன்" என்றார் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை காலை. நீலமேகத்துக்கு விடுமுறை. கடைக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுப்பது மட்டும் அவர் இன்னும் விடாத பழக்கம். தரையில் உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா எதிரே உட்கார்ந்து பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். எப்படித் தொடங்கியது என்று அவருக்கே தெரியவில்லையாம். மிளகாய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வாய், நடுவில் திரும்பிவிட்டது.

"யோவ், அன்னிக்கு போன்ல ஒண்ணு சொன்னல்ல. சாவுகிராக்கின்னு."

கத்தி நின்றது.

"நீ சொன்னது மட்டுந்தான் உனக்கு ஞாபகம் கீது. நான் இன்னா பண்ணேன்னு ஞாபகம் கீதா? நான் சிரிச்சேன்யா. 'வாயக் கயுவுய்யா'ன்னுட்டு சிரிச்சேன். நல்லா, சத்தமா. கடையில நின்னுகினு இருந்தவன்கூட இன்னாக்கா சிரிக்கிறன்னு கேட்டான். எம்பொண்ணு அங்க ரோட்ல கெடந்தா. நீ திட்டிகினு இருந்த, நான் சிரிச்சிகினு இருந்தேன். நீ மட்டும் இன்னாத்துக்குய்யா தனியா வாய மூடிகினு குந்திகீற?"

அன்று மழையில் அக்கா எனக்குச் சொன்ன கதையில் அந்தச் சிரிப்பு இல்லை. என் மூன்று வசனங்களும் ஏன் அவருக்கு உதவவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. ஒரு குற்றவாளிக்கும் அவரை மன்னிக்க வேண்டியவளுக்கும் நடுவில் நடக்கிற பேச்சை நான் எழுதியிருந்தேன். அந்த வீட்டில் அப்படி இரண்டு பேர் இல்லை.

"அதுக்கு அவரு?"

"தலைய நிமுத்திப் பாத்துச்சு. அதுக்கு நெசமாவே ஞாபகம் இல்ல கண்ணு. நான் சிரிச்சதே தெரியாது. ரொம்ப நேரம் பாத்துகினே இருந்துச்சு. அப்பறம் பேசிச்சு."

"பேசினாரா?"

"கொரலு மாறிப் போயிகீது. துருப்புடிச்ச கதவு மாரி. பாதி வார்த்த வரவே இல்ல. இருமிகினே சொல்லிச்சு."

நான் கேட்டுவிட்டேன். எழுதுகிறவளால் கேட்காமல் இருக்க முடியாது.

"என்னக்கா சொன்னாரு?"

அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கைக்குழந்தை எதையாவது எடுக்க வந்தால், அதை நகர்த்தி வைத்துவிட்டுப் பார்ப்போமே, அப்படி.

"அத்தச் சொல்ல மாட்டேன். போன்ல சொன்னது, நான் சிரிச்சது, எல்லாத்தையும் எய்திக்கோ. இது மட்டும் எங்க ரெண்டு பேருக்கு."

"சரிக்கா."

"கோச்சிக்காத."

"இல்லக்கா. இப்ப பேசுறாரா?"

"இல்ல. சாயந்தரமே திரும்ப வாய மூடிகிச்சு. நேத்தும் பேசல. யார்டுல ஊமைன்னு நெனச்சிகினு கீறாங்க, அங்க பேசவும் முடியாதே." லேசாகச் சிரித்தார். உடனே அந்தச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். இனி எப்போது சிரித்தாலும் அப்படித்தான் நிறுத்துவார் என்று தோன்றியது. "நேத்து நானும் பேசல. அது பக்கத்துலயே போயி குந்திகினேன். பேசணும்னே தோணல. கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருந்துச்சு."

மைதாவும் எண்ணெயும் எடுத்துக் கொடுத்தேன். அக்கா சாலையைக் கடந்து, பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றார்.

8

ஆகவே கதையில் இந்த இடம் இப்படி இருக்கிறது:

நீலமேகம் சொன்னார்: "                              "

நாவலாசிரியை என்ற முறையில் இதை நிரப்ப எனக்கு உரிமை உண்டு என்று ஒரு வாரம் நினைத்தேன். ஐந்தாறு வரிகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் மகளைப் பெயர் சொல்லி அழைத்தார். ஒன்றில் மனைவியிடம் தண்ணீர் கேட்டார். ஒன்றில் அவர் சொன்னது எவ்வளவு அழகாக இருந்தது என்றால், அது அவருடையதல்ல, என்னுடையது என்று எனக்கே தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் அழித்தேன்.

நாவலை மூடி வைத்ததற்குக் காரணம் அதுதான். ஒருவர் பேசாமல் இருப்பதைப் பக்கம் பக்கமாக எழுத முடிந்தது. அவர் பேசிய ஒரே ஒரு முறையை எழுத என்னால் முடியவில்லை.

என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: எர்ணாவூர் குடியிருப்பில் ஒரு வீடு, ஞாயிற்றுக்கிழமை காலை, பாதி நறுக்கிய வெங்காயம், கையில் மிளகாய்க் காரத்தோடு ஒரு பெண், இருமிக்கொண்டு வாய் திறக்கிற ஒரு ஆண். கதவு உள்பக்கம் சாத்தியிருக்கிறது.

மேலே காலியாக விட்ட இடத்தில் நீங்கள் ஏதாவது எழுதிப் பார்க்கலாம். உங்கள் வீட்டில் யாராவது அப்படி உட்கார்ந்திருந்தால், நீங்களே அப்படி உட்கார்ந்திருந்தால், என்னைவிட நன்றாகவே வரும். எழுதினால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தாயம்மாக்காவிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டாம்.

அவரிடம் அது இருக்கிறது.